நடிப்பு கற்க வருகிறவர்களுக்கு: முதலில் மேடை, பிறகு கேமரா

நடிக்க ஆசைப்பட்டு வருகிறவர்களிடம் இதுவரை என்ன பயிற்சி செய்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் வரும். கண்ணாடி முன் நின்று கோபம், அழுகை, சிரிப்பு என்று முகத்தை மாற்றிப் பார்த்திருப்பார்கள். அல்லது புகழ்பெற்ற நடிகர் ஒருவரின் வசனத்துக்கு வாயசைத்து வீடியோ எடுத்திருப்பார்கள். அந்த ஆர்வத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பயிற்சியிலும் எதிரில் ஆள் கிடையாது. முகம் முதலில் வந்துவிடுகிறது. அந்த முகத்துக்கான காரணம் கடைசிவரை வருவதில்லை. நடிப்புப் பயிற்சி என்பது இந்த வரிசையைத் திருப்பிப் போடுவது. காரணத்தைப் பிடியுங்கள், எதிரில் இருப்பவரைக் கவனியுங்கள், முகம் தானாக வந்து சேரும். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் எல்லாப் பயிற்சிகளும் இதைச் சுற்றியே வருகின்றன.

சினிமாவில் மட்டும்தான் நடிக்க விருப்பம் என்பவர்களையும் மேடையிலிருந்தே தொடங்கச் சொல்வேன். படப்பிடிப்பில் ஒரு புதியவருக்குக் கேமரா முன் கிடைப்பது சில நிமிடங்கள்; அதற்காக நாள் முழுவதும் காத்திருக்க வேண்டும். நாடக ஒத்திகையில் ஒரே காட்சியை வாரக்கணக்கில் புரட்டிப் பார்க்கலாம். இன்று ஒரு விதமாகச் செய்து, நாளை அதைக் கலைத்து வேறு விதமாகச் செய்யலாம். எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவயதிலேயே வளர்ந்தவர்கள். பசுபதியும் குரு சோமசுந்தரமும் சென்னையின் கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் பல ஆண்டுகள் பழகியவர்கள். விஜய் சேதுபதி அதே பட்டறையில் கணக்கராகச் சேர்ந்து, நடிகர்கள் பயிற்சி செய்வதை அருகிலிருந்து பார்த்தவர்.

எவ்வளவு காலம் ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் மாதவி ஏழாண்டு பயின்ற பிறகே அரங்கேறுகிறாள். இன்று யாருக்கும் ஏழாண்டு பொறுமை இருக்காது. ஆனாலும் வேலைக்கோ கல்லூரிக்கோ போய்க்கொண்டே தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறவர் ஓராண்டில் ஒரு நாடகக் குழுவுக்குப் பயன்படும் நடிகர் ஆகிவிட முடியும். மூன்று மாதத்தில் கதாநாயகன் ஆக்குகிறோம் என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

பார்ப்பதும் பயிற்சிதான்

சினிமாவை எல்லோரும் பார்க்கிறோம். ஆனால் அதில் நடிப்பை மட்டும் பிரித்தெடுத்துப் பார்ப்பது புதியவர்களுக்குக் கடினம். படத்தொகுப்பு, பின்னணி இசை, ஒளிப்பதிவு எல்லாம் சேர்ந்தே நம்மை அழவைக்கின்றன. மேடையில் இந்தத் துணைகள் குறைவு. நடிகர் என்ன செய்கிறார், எங்கே தளர்கிறார் என்பது வெளிச்சமாகத் தெரியும். அதனால் நாடகங்களை நேரில் பார்க்கத் தொடங்குங்கள்.

திருவண்ணாமலை, காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கம் இருப்பவர்களுக்குத் தெருக்கூத்து இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும், டிக்கெட் கிடையாது. அங்கே வேடக்காரர் ஆடுகளத்துக்குள் நுழைவதைக் கூர்ந்து பாருங்கள். இருவர் ஒரு திரையை விரித்துப் பிடித்திருப்பார்கள். அதன் பின்னால் நின்று அவர் பாடுவார். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய கால், அவ்வளவுதான் தெரியும். வந்திருப்பவன் துரியோதனனா தருமனா என்பதை அந்தக் காலும் குரலுமே கூட்டத்துக்குச் சொல்லிவிடும். முகம் கடைசியில்தான் வெளியே வருகிறது. கண்ணாடி முன் பயிற்சி செய்து பழகியவர்கள் இதை ஓர் இரவாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். புரிசை கிராமத்தில் கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரானின் வழிவந்த குழுவினர் இன்றும் கூத்து ஆடுகிறார்கள், கற்றும் கொடுக்கிறார்கள்.

மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பகுதிகளில் கோயில் திருவிழாக்களின்போது 'ஸ்பெஷல் நாடகம்' நடக்கும். வள்ளி திருமணம், பவளக்கொடி என்று சங்கரதாஸ் சுவாமிகள் தந்த இசை நாடகங்கள். இதில் ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி) என ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒப்பந்தமாகி வெவ்வேறு ஊர்களிலிருந்து வருவார்கள். சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது. மேடையில் சந்தித்து விடியும்வரை தர்க்கம் செய்து நடிப்பார்கள். எதிராளியின் ஒவ்வொரு சொல்லையும் காதைத் தீட்டிக் கேட்காவிட்டால் இது ஒரு நாளும் முடியாது. அவர்கள் கேட்கும் விதத்தைப் பார்ப்பதற்காகவே போகலாம்.

சென்னையில் இருப்பவர்களுக்குச் சபா நாடகங்களும் நவீன நாடகங்களும் ஆண்டு முழுவதும் கிடைக்கின்றன. நாரத கான சபாவில் நடக்கும் கோடை நாடக விழா, எழும்பூர் மியூசியம் தியேட்டரிலும் அலையன்ஸ் பிரான்சேஸ் அரங்கிலும் நடக்கும் நாடகங்கள் என்று எல்லா வகையையும் பாருங்கள். உங்களுக்குப் பிடிக்காத வகையையும் விட்டுவிடாதீர்கள்.

பார்க்கும்போது ஒரே ஒரு வேலை: பேசுகிறவரை விட்டுவிட்டு, பேசாமல் நிற்பவரைப் பாருங்கள். வசனம் இல்லாத நேரத்தில் அவர் கதைக்குள் இருக்கிறாரா, தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாரா? நல்ல நடிகரை அங்கேதான் கண்டுபிடிக்க முடியும். வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்று பார்த்த ஒரு செயலை மட்டும் எழுதி வையுங்கள். 'அருமையாக நடித்தார்' என்று எழுதுவதில் பயன் இல்லை. 'கடன்காரன் பெயரைக் கேட்டதும் வேட்டி நுனியை இறுக்கிப் பிடித்தார்' என்று எழுதினால் அது உங்களுக்குச் சொத்து. பஸ் நிலையம், ரேஷன் கடை, மருத்துவமனை வராந்தா எங்கும் இதே கவனிப்பைத் தொடருங்கள்.

உடம்பு

காலையில் இருபது நிமிடம் போதும். நடை, ஓட்டம், சூரிய நமஸ்காரம், சிலம்பம் எதுவானாலும் சரி. முதுகும் இடுப்பும் முட்டியும் தடையில்லாமல் அசைய வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயிற்சி. உடற்பயிற்சிக் கூடத்தில் தசை ஏற்றுவது தனி விஷயம். தோள்கள் இறுகிப்போன உடம்பை வைத்துக்கொண்டு ஒரு முதியவராகவோ களைத்துப்போன கூலித் தொழிலாளியாகவோ நிற்பது பெரும்பாடு. கூத்து அடவுகளோ பறையாட்டமோ கற்றுத்தரும் ஆள் அருகில் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். மூச்சும் தாளமும் காலும் ஒரே நேரத்தில் பழகும்.

அடுத்து, சும்மா நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள். எளிதாகத் தோன்றும். ஐந்து பேர் முன்னால் எதுவும் செய்யாமல் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். கை எங்கே போவது என்று தெரியாமல் தவிக்கும். சட்டையைச் சரிசெய்யும், மூக்கைத் தொடும், பின்னால் கட்டிக்கொள்ளும். அந்தத் தவிப்பு அடங்கும்வரை தினமும் நில்லுங்கள்.

பிறகு இந்தப் பயிற்சி. எவர்சில்வர் டம்ளரில் ஆவி பறக்கும் காபியை ஊற்றி மெதுவாகக் குடியுங்கள். விளிம்புக்குக் கீழே எந்த இரண்டு விரல் பிடிக்கிறது, சூடு தாங்காமல் எப்போது கை மாறுகிறது, உதடு தொடும் முன் மூச்சு என்ன செய்கிறது, ஒவ்வொன்றையும் கவனியுங்கள். இப்போது டம்ளர் இல்லாமல் அதையே செய்யுங்கள். முதல் சில நொடிகள் சரியாக வரும். யாராவது பேச்சுக் கொடுத்ததும் விரல்கள் நெருங்கி டம்ளர் நசுங்கிப் போகும். மேசைமீது வைக்கும் இடத்தில் கை அந்தரத்தில் நிற்கும், அல்லது மேசைக்குள் இறங்கிவிடும். திரும்ப உண்மையான டம்ளரை எடுத்துப் பாருங்கள், திரும்பச் செய்யுங்கள். கை பழகிய பிறகு நண்பர் ஒருவரை ஒரு கெட்ட செய்தி சொல்லச் சொல்லுங்கள். கேட்டு முடிக்கும்வரை டம்ளரும் சூடும் கையில் இருக்க வேண்டும். இப்போது உங்கள் முகத்தில் என்ன ஓடியது என்று அந்த நண்பரிடம் கேளுங்கள். நீங்கள் முகத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. ஆனால் அவர் ஏதோ பார்த்திருப்பார்.

குரல்

மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்றதும் புதியவர்கள் கத்துகிறார்கள். இரண்டாவது காட்சியிலேயே தொண்டை கட்டிவிடும். குரலுக்கு வலு மூச்சிலிருந்து வருகிறது. தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் ஒரு புத்தகத்தை வையுங்கள். மூச்சை இழுக்கும்போது புத்தகம் உயர வேண்டும், விடும்போது இறங்க வேண்டும். நெஞ்சும் தோளும் தூக்கக் கூடாது. மூச்சை விட்டுக்கொண்டே 'ஆ' என்று ஒரே சீராக நீட்டுங்கள். பழகப் பழக நீளம் கூடும். எழுந்து நின்று அதே மூச்சில் ஒரு வரியைப் பேசுங்கள். மொட்டை மாடியின் மறு மூலையில் நிற்பவருக்கு, தொண்டையை இறுக்காமல், அந்த வரி போய்ச் சேர வேண்டும்.

உச்சரிப்பில் சலுகை எடுத்துக்கொள்ளாதீர்கள். ல, ள, ழ மூன்றும், ன, ண இரண்டும், ர, ற இரண்டும் தெளிவாகப் பிரிய வேண்டும். 'ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் வழுக்கி விழுந்தான்' என்பதை மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டுங்கள். வேகத்தில் ஓர் எழுத்து மங்கினாலும் மெதுவான நிலைக்குத் திரும்புங்கள். தினமும் ஒரு பக்கம் உரக்கப் படியுங்கள். ஒரு நாள் செய்தித்தாள், ஒரு நாள் சிறுகதை, ஒரு நாள் கம்பராமாயணப் பாடல். மரபுக் கவிதையை உரக்கப் படிக்கும்போது மூச்சை எங்கே நிறுத்துவது என்பது தானாகப் பிடிபடும்.

வட்டார வழக்கு தனிப் பாடம். சினிமாவில் கேட்ட நெல்லைத் தமிழையோ கோவைத் தமிழையோ நகல் எடுக்காதீர்கள். அது நகலின் நகல். அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் அனுமதி கேட்டு அவர் பேச்சைப் பதிவு செய்யுங்கள். சொற்களைவிட அவர் எங்கே இழுக்கிறார், எங்கே விழுங்குகிறார், கேள்வியை எந்தச் சுருதியில் முடிக்கிறார் என்பதைக் கேளுங்கள்.

காரணம்

இனி நடிப்பின் மையத்துக்கு வருவோம். எனக்கு இதில் ஆசான் தொல்காப்பியம். மெய்ப்பாடு என்றால் உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவது. அந்நூலின் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகள் சொல்லப்படுகின்றன. உடனே அடுத்த கேள்விக்குப் போகிறார் தொல்காப்பியர்: இது எதனால் பிறக்கிறது? ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்கள் தருகிறார். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்ததால் வரும் அழுகை, எதையோ இழந்ததால் வரும் அழுகை, இருந்த நிலையிலிருந்து தளர்ந்ததால் வரும் அழுகை, இல்லாமையால் வரும் அழுகை. இந்த நான்கையும் ஒரே மாதிரி அழ முடியுமா? இகழப்பட்டவர் முகத்தை மறைக்கப் பார்ப்பார். இழந்தவர் எதையாவது பற்றிக்கொள்ளப் பார்ப்பார். காரணம் மாறினால் உடம்பே மாறிவிடுகிறது. 'அழு' என்று இயக்குநர் சொன்னால், இந்த நான்கில் எது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி (1863–1938) நடிகருக்குச் சொன்னதும் இதற்கு மிக அருகில் இருக்கிறது. பாத்திரம் இருக்கும் சூழ்நிலையை முழுக்கத் தெரிந்துகொள். அந்தச் சூழ்நிலையில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று கேள். அவர் வழியில் வந்த பயிற்சிமுறைகள் உலகின் பல நடிப்புப் பள்ளிகளில் இன்று புழங்குகின்றன.

செய்து பார்க்க ஒரு காட்சி. இரவு பதினொரு மணி. மகன் வீட்டுக்கு வருகிறான். அம்மா விழித்திருக்கிறாள். அவள் வசனம் ஒரே சொல்: "சாப்பிட்டாயா?" அவன் பதில்: "ம்."

புதியவர்கள் இதைப் 'பாசமாக' பேசுவார்கள். பாசமாக, சோகமாக, கோபமாக என்பதெல்லாம் செயல்கள் ஆகா. அவற்றை நேரடியாகச் செய்யப்போனால் குரல் குழையும், முகம் சுருங்கும், அதற்குமேல் ஒன்றும் நடக்காது. அவள் அவனிடமிருந்து என்ன வேண்டுகிறாள் என்று முடிவு செய்யுங்கள். மகனுக்கு வேலை போன செய்தி பக்கத்து வீட்டுக்காரர் மூலம் மாலையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் வாயால் அதைச் சொல்ல வைக்க வேண்டும். இப்போது "சாப்பிட்டாயா?" என்பது ஒரு கதவைத் தட்டுவது. இன்னொரு முறை: அப்பா உள்ளே கோபத்தோடு படுத்திருக்கிறார், மகனைச் சத்தமில்லாமல் அறைக்கு அனுப்பிவிட வேண்டும். அதே சொல் இப்போது ஒரு எச்சரிக்கை. மற்றொரு முறை: வீட்டில் சோறு இல்லை, அவன் சாப்பிட்டுவிட்டு வந்திருக்க வேண்டுமே என்று அவளுக்குப் பதைப்பு. 'ஆமாம்' என்ற பதில் அவளுக்குத் தேவைப்படுகிறது. மூன்று முறையும் நண்பர் ஒருவருடன் நடித்துப் பாருங்கள். குரலை மாற்ற நீங்கள் எந்த முயற்சியும் செய்ய வேண்டாம். அவன் 'ம்' சொன்ன பிறகு அவள் என்ன செய்கிறாள் என்பதும் மூன்று முறையும் தானாக மாறியிருக்கும்.

எந்தப் பிரதி கைக்கு வந்தாலும் இந்தக் கேள்விகளைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிப் பதில் தேடுங்கள். நான் யார்? எங்கிருந்து வருகிறேன், ஐந்து நிமிடத்துக்கு முன் என்ன செய்துகொண்டிருந்தேன்? எதிரில் இருப்பவரிடமிருந்து எனக்கு என்ன வேண்டும்? கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? அதைப் பெற இந்த வரியில் என்ன செய்கிறேன்: கெஞ்சுகிறேனா, மிரட்டுகிறேனா, மடக்குகிறேனா, சிரிக்க வைக்கிறேனா? கடைசிக் கேள்விக்குப் பதில் எப்போதும் ஒரு வினைச்சொல்லாக இருக்கட்டும்.

வசனத்தை மனப்பாடம் செய்யும்போது ராகம் போட்டுப் பழகாதீர்கள். வீட்டில் தனியாக ஒரு தொனியை இறுக்கிக்கொண்டு வந்தால், எதிரில் இருப்பவர் வேறு விதமாகப் பேசினாலும் உங்கள் பதில் மாறாது. சாமான் துலக்கும்போது, துணி மடிக்கும்போது உணர்ச்சியே இல்லாமல் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். கையால் எழுதிப் பார்ப்பதும் உதவும். உங்கள் வரிகளை மட்டும் படிக்காமல், அதற்கு முந்தைய வரியையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். உங்கள் வசனம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

எங்கே கற்பது

சிறந்த வழி ஒரு நாடகக் குழுவில் சேர்வது. 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை சென்னையில் நடிகர் பயிற்சிக்குப் பேர்போனது. புதுச்சேரியை அடுத்து, வீணாபாணி சாவ்லா நிறுவிய ஆதிசக்தி அரங்கம் மூச்சு, தாளம், உடல் சார்ந்த பயிலரங்குகளை நடத்துகிறது. பல ஊர்களில் முற்போக்கு எழுத்தாளர் அமைப்புகளோடும் கல்லூரிகளோடும் இணைந்த சிறு குழுக்கள் உண்டு. உங்கள் ஊரில் நாடகம் நடந்தால் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். நாற்காலி அடுக்க உதவுங்கள், பேச்சுக் கொடுங்கள். பெரும்பாலான குழுக்களில் ஆள் சேர்வது இப்படித்தான்.

முழுநேரப் படிப்பு வேண்டும் என்றால் புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறை, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறை ஆகியவற்றை விசாரியுங்கள். டெல்லியில் 1959இல் தொடங்கப்பட்ட தேசிய நாடகப் பள்ளியின் படிப்பு மூன்றாண்டு. பட்டப்படிப்போடு நாடக அனுபவமும் கேட்பார்கள், மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு. புனே திரைப்படக் கல்லூரியில் திரை நடிப்புக்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது. இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு. குழுவில் சில நாடகங்கள் செய்த பிறகு விண்ணப்பிப்பது நல்லது.

தனியார் நடிப்புப் பள்ளி என்றால் பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் வேண்டாம். ஒரு வகுப்பில் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எழுந்து செய்ய எவ்வளவு நேரம் கிடைக்கிறது, முடிவில் பார்வையாளர் முன் நாடகம் போடுகிறார்களா என்று கேளுங்கள். பயிற்சியாளர் பேசியே நேரத்தை ஓட்டுகிறார் என்றால் அங்கே கற்பது குறைவு. மாணவர்களை அவமானப்படுத்தி அழவைப்பதைப் 'பயிற்சி' என்று சொல்லும் இடத்திலிருந்து அன்றே வெளியேறுங்கள். கூச்சம் விட வேண்டும் என்ற பெயரில் யாரும் உங்கள் உடம்பைத் தொடவோ உங்கள் வேதனைகளை எல்லோர் முன்னும் கொட்ட வைக்கவோ உரிமை கிடையாது. இது நடிப்புக்குத் தேவையும் இல்லை.

முதல் நாடகம்

கிடைக்கும் வேடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈட்டி பிடித்து நிற்கும் காவலாளியானாலும் சரி. ஒத்திகைக்குக் கால் மணி நேரம் முன்பே போய் உடம்பையும் குரலையும் தயார் செய்யுங்கள். இயக்குநர் சொல்லும் அசைவுகளைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்; மாறிக்கொண்டே இருக்கும். மேடையின் வலம் இடம் என்பது பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலம் இடம். கேமராவில் 'ரைட்', 'லெப்ட்' என்பது கேமராவின் பக்கத்திலிருந்து, அதாவது நேர் தலைகீழ். முதல் படப்பிடிப்பில் பலர் தடுமாறும் இடம் இது.

சக நடிகருக்கு ஆலோசனை சொல்லாதீர்கள். அது இயக்குநரின் வேலை. ஒளியின் சூட்டை முகத்தில் உணரப் பழகுங்கள். சூடு இல்லை என்றால் நீங்கள் இருட்டில் நிற்கிறீர்கள். மேடையில் வசனம் மறந்துவிட்டால் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பாருங்கள், அவரிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை நினையுங்கள். பெரும்பாலும் வரி திரும்பி வரும். வராவிட்டாலும் அந்த வேண்டுதலை உங்கள் சொந்தச் சொல்லில் பேசிவிடலாம், பார்வையாளருக்குத் தெரியாது. ஒரு நாடகத்திலாவது நடிக்காமல் ஒப்பனை, பொருட்கள், ஒலி என்று பின்னணி வேலை பாருங்கள். ஒவ்வோர் இரவும் பக்கத் திரையின் ஓரத்தில் நின்று ஒரே காட்சியைப் பார்க்கும்போது கிடைக்கும் பாடம் வகுப்பில் கிடைக்காது.

கேமரா முன்

மேடையில் நீங்கள் கடைசி வரிசை வரை போக வேண்டும். கேமரா உங்களிடம் வந்துவிடுகிறது. குளோசப்பில் உங்கள் கண் திரையில் ஒரு ஆள் உயரத்துக்குக்கூட இருக்கலாம். ஒரு இமைத்தலே ஒரு செய்தி ஆகிவிடும். ஆகவே குறைத்து நடியுங்கள் என்பார்கள். இந்த அறிவுரை பாதிதான் சரி. குறைக்க வேண்டியது வெளிக்காட்டுவதை மட்டும். உள்ளே நடப்பது குறைந்தால் வெறும் முகம்தான் பதிவாகும்.

ஷாட்டுக்கு முன் பிரேம் எங்கே வெட்டுகிறது என்று உதவி இயக்குநரிடம் மெதுவாகக் கேளுங்கள். மார்பு வரை பிரேம் என்றால் இடுப்பருகே நீங்கள் செய்யும் அழகான கைவேலை யாருக்கும் தெரியப்போவதில்லை. தரையில் ஒட்டிய டேப்தான் உங்கள் 'மார்க்'. அங்கே நின்றால்தான் போகஸ் கிடைக்கும். அதைக் குனிந்து பார்க்காமல் சேர, மார்க்கில் நின்று, நீங்கள் தொடங்கும் இடத்துக்குப் பின்னோக்கி நடந்து அடிகளை எண்ணிக்கொள்ளுங்கள். எதிர் நடிகரின் இரு கண்களையும் மாறி மாறிப் பார்த்தால் குளோசப்பில் உங்கள் விழி அலைபாயும். கேமராவுக்கு அருகில் இருக்கும் அவருடைய ஒரு கண்ணை மட்டும் பாருங்கள்.

டம்ளர் பயிற்சி இங்கே கைகொடுக்கும். ஒரே காட்சியை முழுதாக ஒரு முறை, உங்கள் பக்கம் ஒரு முறை, எதிர் நடிகரின் தோள் வழியாக ஒரு முறை என்று திரும்பத் திரும்ப எடுப்பார்கள். எந்தச் சொல்லில் டம்ளரைத் தூக்கினீர்களோ, ஒவ்வொரு டேக்கிலும் அதே சொல்லில் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் படத்தொகுப்பாளர் உங்கள் நல்ல டேக்கை எறிந்துவிட வேண்டியிருக்கும். டேக்குக்கு டேக் இப்படி மாறாமல் பார்த்துக்கொள்ளும் 'கண்டினியூட்டி' உதவி இயக்குநரின் பொறுப்பு என்று விட்டுவிடாதீர்கள். எதிர் நடிகருக்கு குளோசப் எடுக்கும்போது, நீங்கள் பிரேமில் இல்லாவிட்டாலும் அங்கேயே நின்று முழுமையாக நடித்துக் கொடுங்கள். இதைச் செய்யும் நடிகரை மறுபடி அழைக்கிறார்கள்.

படப்பிடிப்பு கதையின் வரிசையில் நடக்காது. கல்யாணத்தை இன்று எடுத்துவிட்டு முதல் சந்திப்பை அடுத்த மாதம் எடுப்பார்கள். ஒவ்வொரு காட்சித் தாளின் தலையிலும் 'இதற்குச் சற்று முன் எனக்கு என்ன நடந்தது' என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் டப்பிங் உண்டு. வெயிலில் ஓடிக்கொண்டே பேசியதை மாதங்கள் கழித்துக் குளிரூட்டிய அறையில் நின்று பேச வேண்டும். உங்கள் வீடியோ ஒன்றை ஒலி அணைத்து ஓடவிட்டு, உதட்டசைவுக்குப் பேசிப் பழகுங்கள். உடம்பு அசையாமல் நின்றால் குரல் பொய்யாகிவிடும். ஓடிய காட்சிக்கு மைக் முன் நின்ற இடத்திலேயே மூச்சு வாங்குங்கள்.

வீட்டில் பயிற்சிக்குச் செல்போன் போதும். கண் உயரத்தில், படுக்கைவசமாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தை முகத்தில் வாங்குங்கள். நண்பரைக் கேமராவுக்கு ஒட்டி நிற்கவைத்து அவரோடு பேசுங்கள். எடுத்ததை ஒலி இல்லாமல் ஒரு முறை பாருங்கள், படம் பார்க்காமல் ஒரு முறை கேளுங்கள். 'நான் எப்படித் தெரிகிறேன்' என்று தேடாதீர்கள். 'எங்கே கேட்பதை நிறுத்திவிட்டேன்' என்று தேடுங்கள்.

வாய்ப்பும் பாதுகாப்பும்

அலங்காரம் செய்த ஆல்பம் தேவையில்லை. ஒப்பனை இல்லாத நான்கு படங்கள்: நேர் முகம், பக்கவாட்டு முகம், முழு உருவம், சிரிக்கும் முகம். ஒரு நிமிட அறிமுக வீடியோ. நகைச்சுவையாக ஒன்று, கனமாக ஒன்று என இரண்டு தனிக்காட்சிகள். திரைப்படக் கல்லூரி மாணவர்களின் குறும்படங்களில் நடியுங்கள். அவர்கள் நாளைய இயக்குநர்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் போக்குவரத்தும் சாப்பாடும் கேளுங்கள், முடிந்த படத்தின் பிரதியை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பதிவுக் கட்டணம், போட்டோ கட்டணம், உறுப்பினர் அட்டை, உடை முன்பணம் என்று எந்தப் பெயரில் நடிகரிடம் பணம் கேட்டாலும் அது மோசடி. பெரிய தயாரிப்பு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி அழைப்பு வந்தால் அந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வத் தொடர்பில் நீங்களே கேட்டு உறுதி செய்யுங்கள். இணையத்தில் பணம் இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 எண்ணை அழைக்க வேண்டும். நடிப்புத் தேர்வுக்கு அலுவலகத்துக்குப் போங்கள், பகலில் போங்கள், ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். ஓட்டல் அறைக்கோ இரவு நேரத்துக்கோ அழைத்தால் போகாதீர்கள். பெண்களுக்கு 181 உதவி எண் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். படப்பிடிப்புத் தளமும் வேலை செய்யும் இடம்தான்.

பிள்ளைகளை நடிக்க அனுப்பும் பெற்றோருக்கு: 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் படப்பிடிப்பில் பயன்படுத்தத் தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். அனுமதிக் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள்.

கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு வராதீர்கள். வாடகைக்கு வழியில்லாத பதற்றம் நடிப்புத் தேர்வில் அப்படியே தெரியும். எந்த நிபந்தனைக்கும் தலையாட்ட வைக்கும். மாலை ஒத்திகைக்கும் வார இறுதிக்கும் இடம் கொடுக்கும் வேலையைத் தேடிக்கொண்டு, தேர்வுக்கு அழைப்பு வரும் நாளுக்காகச் சில விடுப்புகளைச் சேமித்து வையுங்கள். தேர்வு முடிந்து வெளியே வந்ததும் தேதி, இயக்குநரின் பெயர், செய்த காட்சி, போட்டிருந்த உடை ஆகியவற்றை நோட்டில் எழுதிவிடுங்கள். இரண்டாம் சுற்றுக்கு அழைத்தால் அதே உடையில் போக வேண்டியிருக்கும்.